சாரணியரின் அன்னை ஒலேவ் பேடன் பவல்



ஆண்டுதோறும் பிப்ரவரி 22ஆம் நாள் தூய பேதுருவின் தலைமைப்பீட விழாவைத் திரு அவை கொண்டாடுகிறது. அதே நாளை உலகெங்கும் உள்ள சாரணியர் உலகச் சிந்தனை நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். சாரணியர் என்றால் வேறு யாருமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள் 'கைட்ஸ்' என்று சொல்கிறார்களே, கழுத்தில் ஸ்கார்ஃப் அணிந்து பள்ளி விழாக்களில் வரிசையாக நிற்கும் அந்த மாணவிகள்தான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிரபு பிறந்தது 1857 பிப்ரவரி 22. அவருடைய மனைவி ஒலேவ் பிறந்தது 1889 பிப்ரவரி 22. இருவருக்கும் பிறந்த நாள் ஒன்று, வயதில் வித்தியாசம் சரியாக 32 ஆண்டுகள். கணவரைப் பற்றிப் பலரும் படித்திருக்கிறோம். மனைவியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தச் சிந்தனை அந்த அம்மையாரைப் பற்றியது.

ஒலேவ் இங்கிலாந்தில் வசதி படைத்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை ஹெரால்டு சோம்ஸ் மதுபான ஆலை உரிமையாளர். வீட்டிலேயே ஆசிரியைகளை வைத்துச் சிறிது காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதோடு அதுவும் நின்றுவிட்டது. பிறகு டென்னிஸ், நீச்சல், வயலின், விருந்துகள் என்று நாள்கள் கழிந்தன. குறை ஒன்றும் இல்லை. ஆனால் தன் வாழ்வு யாருக்கும் பயன்படவில்லையே என்ற வருத்தம் அந்த இளம்பெண்ணின் உள்ளத்தில் இருந்தது. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகள் பலரிடமும் இதே வருத்தத்தை நாம் காணலாம்.

1912 ஜனவரியில் தந்தையோடு 'ஆர்கேடியன்' என்ற கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணமானார். அதே கப்பலில் பேடன் பவலும் இருந்தார். பழக்கம் அன்பாக மலர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆரவாரம் எதுவுமின்றித் திருமணம் நடந்தது. அப்போது ஒலேவுக்கு வயது 23, மணமகனுக்கு 55. பீட்டர், ஹெதர், பெட்டி என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

சாரணியர் இயக்கத்தைத் தொடங்கியவர் ஒலேவ் அல்ல. 1909ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பில்லாமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தானா, எங்களுக்கு இல்லையா என்பது அவர்களுடைய நியாயமான கேள்வி. அதன் பலனாக 1910இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் உருவானது. பேடன் பவல் அதைத் தம் தங்கை ஆக்னஸிடம் ஒப்படைத்தார். நம் வழக்கில் சொன்னால் ஆக்னஸ் ஒலேவுக்கு நாத்தனார். வயதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்.

1914இல் ஒலேவ் இந்த இயக்கத்தில் பணிசெய்ய முன்வந்தார். வயது போதாது என்று அவரை ஏற்கவில்லை. தலைவரின் மனைவி என்பதற்காகவும் கதவு திறக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. முதல் உலகப்போர் மூண்டபோது பிரான்சுக்குச் சென்று, போர்வீரர்கள் ஓய்வெடுக்கும் குடிலில் பணியாற்றினார். சிறு குழந்தைகளைத் தம் தாயிடம் விட்டுவிட்டுப் போனார். ஒரு தாய்க்கு அது எளிதான முடிவாக இருந்திருக்காது.

1916 மார்ச் மாதத்தில் சசெக்ஸ் மாவட்டச் சாரணியர் ஆணையர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பதவி வந்ததும் மேடை ஏறுவது சிலருடைய வழக்கம். ஒலேவ் செய்தது வேறு. மாவட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பேற்க ஒரு பெண்ணைத் தேடினார். ஊர் ஊராகப் போனார், ஓயாமல் கடிதங்கள் எழுதினார். திறமை இருந்தும் தயங்கி நின்ற பெண்களைத் தேடிப்பிடித்துப் பொறுப்புக் கொடுத்தார், கொடுத்த பிறகு அவர்களை நம்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மற்ற மாவட்ட ஆணையர்கள் எல்லாரும் சேர்ந்து அவரைத் தலைமை ஆணையராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1918இல் தலைமைச் சாரணியர் என்ற பட்டம் வந்தது.

இங்கே ஒரு வேதனையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இயக்கத்தை வளர்த்த ஆக்னஸ் அம்மையார் மெல்ல ஓரம்கட்டப்பட்டார். 1917இல் தலைவர் பதவியை விட்டு விலகினார். ஆனால் இயக்கத்தை விட்டு விலகவில்லை. 1945இல் இறக்கும்வரை துணைத்தலைவராகவே இருந்தார். பங்குகளில் பக்தசபைகளிலும் அன்பியங்களிலும் புதியவர் வரும்போது பழையவர்கள் மனம் நொந்து வராமலே இருந்துவிடுவதைப் பார்க்கிறோம். பழையவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைப் புதியவர்கள் மறந்துவிடுவதையும் பார்க்கிறோம். இரு தரப்பினரும் ஆக்னஸ் அம்மையாரை எண்ணிப் பார்ப்பது நல்லது.

அன்பார்ந்தவர்களே! விடுதலைப் பயண நூலில் மோசேயின் மாமனார் இத்திரோ செய்ததை நாம் அறிவோம். காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனி ஆளாகக் கேட்டுச் சோர்ந்துபோன மருமகனைக் கண்டு, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். சாரணியர் இயக்கத்தின் அமைப்பும் இதுதான். ஆறு முதல் எட்டுச் சிறுமிகள் சேர்ந்தால் ஓர் அணி. அவர்களில் ஒருத்தியே அணித் தலைவி. சில அணிகள் சேர்ந்தால் ஒரு குழு. குழுவை நடத்த ஒரு கைடு கேப்டன். பதின்மூன்று வயதுச் சிறுமி ஏழு பேருக்குப் பொறுப்பேற்கிறாள். யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் கயிறு முடிச்சுப் போட வரவில்லை என்பதெல்லாம் அவள் கவலை. பொறுப்பைக் கொடுத்துத்தான் பொறுப்பைக் கற்பிக்க முடியும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

கத்தோலிக்கர் தொடக்கத்தில் இந்த இயக்கத்தைச் சற்றுத் தயக்கத்துடனே பார்த்தனர். வேறு சபையைச் சார்ந்தவர்கள் தொடங்கியதாயிற்றே என்ற எண்ணம் இருந்தது. அந்தத் தயக்கத்தை நீக்கியவர்களுள் முக்கியமானவர் பிரான்சு நாட்டு இயேசு சபைத் தந்தை ஜாக் செவன். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி என்ற வாக்குறுதியில் நற்செய்திக்கு முரணானது எதுவும் இல்லை என்று கண்டு, 1920இல் பிரான்சில் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தை உருவாக்கினார். 1923இல் கத்தோலிக்கச் சாரணியர் இயக்கமும் அங்கே தோன்றியது. 2012இல் திரு அவை தந்தை செவனை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

நம் நாட்டில் முதல் சாரணியர் குழு 1911இல் ஜபல்பூரில் அமைந்தது. ஆனால் அது ஐரோப்பிய வம்சாவளிச் சிறுமிகளுக்கு மட்டுமே. இந்தியச் சிறுமிகளுக்கு 1916இல்தான் இடம் கிடைத்தது. ஆள்பவரின் இயக்கமாக வந்ததை நம் பெண்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 1921இல் பேடன் பவல் தம்பதியர் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு வந்தபோது, சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்காக நடத்திவந்த சாரணர் சங்கம் பேடன் பவலின் இயக்கத்தோடு இணைந்தது. அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. 1951 ஆகஸ்ட் 15ஆம் நாள் பெண்கள் சங்கமும் அதில் சேர்ந்தது. 1954இல் இந்தியாவோடு இணைந்த காரைக்காலின் பிள்ளைகளும் இன்று இந்த இயக்கத்தின் கொடியின் கீழ்தான் நிற்கிறார்கள்.

1928இல் உலகச் சாரணியர் சங்கம் அமைந்தது. 1930இல் ஒலேவ் உலகச் சாரணியர் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932இல் போலந்தில் கூடிய மாநாட்டில் ஒரு யோசனை வந்தது. பிறந்த நாள் என்றால் பரிசு உண்டல்லவா? சிந்தனை நாளில் ஒவ்வொரு சிறுமியும் வசதியற்ற நாடுகளின் சகோதரிகளுக்காக ஏதாவது கொடுக்கட்டுமே என்பதுதான் அது. ஆளுக்கு ஒரு பென்னி ஒதுக்கும்படி ஒலேவ் எல்லாருக்கும் கடிதம் எழுதினார். ஒரு பென்னி என்பது அங்கே மிகச் சிறிய காசு. ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை அறிந்த நமக்கு அதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

துன்பங்கள் அவரை விட்டுவைக்கவில்லை. 1919இல் உடன்பிறந்த அக்காள் இறந்தபோது, அவருடைய மூன்று பெண்பிள்ளைகளையும் தம் வீட்டுக்கு அழைத்து வந்து தம் பிள்ளைகளோடு வளர்த்தார். 1941 ஜனவரி 8ஆம் நாள் கென்யா நாட்டில் நியெரி என்ற ஊரில் கணவர் இறந்தார். ஒலேவுக்கு அப்போது வயது 51. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆபத்து நிறைந்த கடல் வழியாக 1942இல் இங்கிலாந்து திரும்பினார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில் சாரணியரைச் சந்தித்துத் திடப்படுத்தினார். 1962இல் மகன் பீட்டரையும் இழந்தார். அதன் பின்னும் பயணங்கள் நிற்கவில்லை. தம் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றார். 1966 அக்டோபர் 16ஆம் நாள் புனே நகரில் 'சங்கம்' என்ற உலகச் சாரணியர் மையத்தைத் திறந்துவைத்தார். பல நாட்டுப் பெண்கள் கூடும் இல்லத்துக்கு நமக்கும் பழக்கமான ஒரு பெயர்.

முதுமையில் நீரிழிவு நோய் வந்து, பயணம் செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தார்கள். கால்கள் நின்றாலும் கடிதங்கள் நிற்கவில்லை. 1977 ஜூன் 25ஆம் நாள் இறந்தார். அவருடைய சாம்பல் நியெரியில் கணவரின் கல்லறையிலேயே வைக்கப்பட்டது.

பங்கு மக்களே! இந்த வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

காரைக்கால் ஒரு சிறிய ஊர். இங்கே அம்மையாரின் மாங்கனித் திருவிழா உண்டு. மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரி உண்டு. நம் ஆலயத் தேர்பவனி உண்டு. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, வெடித்த பாதங்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் நம் வீதிகள் வழியாகத்தான் போகிறார்கள். இவற்றுள் எதிலும் ஒரு சாரணியர் குழுவுக்கு வேலை இருக்கிறது. தண்ணீர் கொடுக்கலாம், காலில் கட்டுப்போடலாம், கூட்டத்தில் வழிதவறிய குழந்தையைத் தாயிடம் சேர்க்கலாம். மூன்று சமயத்துச் சிறுமிகளும் ஒரே அணியில் நின்று இதைச் செய்யும்போது, நல்லிணக்கம் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டியிருக்காது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியதை நம் மீனவக் குப்பங்கள் இன்னும் மறக்கவில்லை. முதலுதவி தெரிந்த, கயிறு கட்டத் தெரிந்த, பதறாமல் நிற்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை கடற்கரை ஊருக்கு எவ்வளவு தேவை என்பது நமக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

ஆனால் குழுக்கள் எப்படி நின்றுபோகின்றன? ஆர்வமுள்ள ஓர் ஆசிரியை கேப்டனாக இருக்கும்வரை குழு நன்றாக நடக்கும். அவர் புதுச்சேரிக்கோ மாகேவுக்கோ மாற்றலாகிப் போனால், அடுத்த மாதமே கொடிக்கம்பம் வெறுமையாக நிற்கும். சிறுமிகள் போகவில்லை, இயக்கமும் போகவில்லை. பொறுப்பேற்க ஒரு பெண் இல்லை, அவ்வளவுதான். ஒலேவ் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் தேடியது அந்த ஒரு பெண்ணைத்தான்.

இன்னொரு தடை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகள் வயதுக்கு வந்துவிட்டாள், முகாமுக்கு அனுப்புவது சரியில்லை என்கிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி படிப்பு மட்டும் போதும் என்கிறோம். ராஜ்ய புரஸ்கார் விருதுக்கு இன்னும் கொஞ்ச தூரமே இருக்கும்போது பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முகாமுக்கு யார் பொறுப்பு, யார் கூடவே தங்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை, கடமையும்கூட. ஆனால் கேட்காமலே மறுப்பது பாதுகாப்பு ஆகாது. பூட்டி வைத்த பிள்ளை ஒருநாள் வெளியே போகத்தான் வேண்டும், அன்று அவளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.

எனவே ஓய்வுபெற்ற ஆசிரியைகளே, செவிலியர்களே, பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் சகோதரிகளே, வாரத்தில் ஒரு மாலை நேரத்தை உங்களால் ஒதுக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. உலகத் தலைவியாக உயர்ந்த ஒலேவ் அம்மையாரின் படிப்பு பன்னிரண்டு வயதோடு முடிந்தது. பயிற்சியை இயக்கமே தரும். மனதை மட்டும் நாம் கொடுத்தால் போதும். தந்தையரே, உங்கள் மகள் ஓர் அணிக்குத் தலைவியாக நிற்பதை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள்.

கானா ஊர்த் திருமணத்தில் குறை இருப்பதை முதலில் கண்டவர் அன்னை மரியா. பிறருடைய தேவையைக் கேட்கும் முன்பே காணும் கண்களை நம் பெண்பிள்ளைகளுக்கும், அவர்களை நம்பி வழிநடத்தும் உள்ளத்தை நமக்கும் இறைவன் தருவாராக. ஆமென்.