இலையின் பெயர் கொண்ட மருந்து

தாம்பரம் சந்தையில் கட்டுக்கட்டாய் விற்கும் கீரைக்கும் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிஞருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று மூன்றாம் முறை வென்றவர். ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தி அறுவைக்கூடம் புகுந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார்.

1923-இல் அமெரிக்கா சென்றார். 1945-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலான குழு, அந்நோயால் வரும் சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அதுவரை அத்தகைய சோகைக்குப் பெரும்பாலும் விலங்கின் ஈரற்சாறே மருந்து. ஊன் விலக்கிய நம்மவர் இதன் அருமையை உணர்வர். 'ஃபோலியம்' என்பது இலத்தீனில் இலை. 1941-இல் பசலைக்கீரையிலிருந்து இச்சத்தைப் பிரித்தோர் இட்ட பெயர்.

1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில், நியூயார்க்கில் இதயம் நின்று சுப்பாராவ் மறைந்தார். ஃபோலிக் அமிலம் குறைந்தால் குருதியில் ஹோமோசிஸ்டீன் மிகும். அது மிகுந்தால் தமனிகள் கெடும் என்னும் கருத்தைக் கில்மர் மெக்கல்லி வெளியிட்டது 1969-இல்தான். ஆயினும் பின்னாளைய ஆய்வுகளில், மாத்திரையாக உண்டோர்க்கு மாரடைப்புக் குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சிறிது குறைந்தது. கீரையோ நார்ச்சத்து, பொட்டாசியம் ஆகியவற்றையும் சேர்த்தே தருவது. சாதுர்மாஸ்யத்தில் கீரை விலக்குவோர்க்குப் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் அச்சத்தை நிறைவாகவே தருகின்றன.