விளக்கு ஏந்திய கை கணக்கும் போட்டது!

கைவிளக்கு ஏந்திய காரிகை யார்? பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்: பிளாரன்ஸ் நைட்டிங்கேல். ஆனால் அந்த அம்மையார் கணக்கில் புலி என்பது பலருக்குத் தெரியாது!

1820-ம் ஆண்டு, இத்தாலி நாட்டில், பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயச் செல்வந்தர்கள். மகள் நர்சு வேலைக்குப் போவதை அவர்கள் விரும்பவில்லை. அவரோ பிடிவாதமாக நின்றார்.

1854-ல் கிரிமியா போரில் இங்கிலாந்து இறங்கியது. சிப்பாய்கள் துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குக் கப்பல் கப்பலாக வந்தனர். 38 நர்சுகளுடன் நைட்டிங்கேல் அங்கே போய்ச் சேர்ந்தார். இரவு பகலாக உழைத்தார். அப்படியும் சாவு குறையவில்லை! 1855 பிப்ரவரியில் 100 நோயாளிகளுக்கு 42 பேர் மாண்டனர்.

மார்ச்சில் அரசாங்கக் குழு வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் 100-க்கு 2 பேரே இறந்தனர்!

ஊர் திரும்பியதும் நைட்டிங்கேல் கணக்கைப் புரட்டினார். குண்டடியைவிட நோய்க்கே அதிகம் பேர் பலியாகி இருந்தனர். தாம் இருந்த ஆஸ்பத்திரியின் அழுக்கும் அதற்குக் காரணம் என்று கண்டார். மனம் நொந்தார். ஆனாலும் அரசாங்கத்திடம் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியை எப்படிக் கட்டுவது? கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடம்? ஜன்னல் எங்கே? சாக்கடை எங்கே? எல்லாவற்றையும் 1859-ல் புத்தகமாக எழுதினார். அதன்பின், புதிய ஆஸ்பத்திரிகளின் வரைபடங்கள் அவரைத் தேடி வந்தன. நோயுற்றுப் படுத்தபடியே யோசனை சொன்னார்.

1910-ல், 90-வது வயதில் காலமானார்.

விளக்கு சிலருக்கு ஆறுதல் தந்தது. கணக்கோ, அவர் முகமே பாராத பலருக்கு உயிர் தந்தது!