சிதம்பரம் பிள்ளையின் சன்னது

செப்டம்பர் மாதம் 5-ந் தேதி திருத்தணிக்கு உரிய நாள். 1888-ம் வருஷம் அந்தத் தேதியில் இம்மலையடிவாரத்தில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் ராஷ்டிரபதி பதவியை வகித்த டாக்டர் இராதாகிருஷ்ணன். 1962-ம் வருஷம் முதல் அவருடைய ஜன்ம தினம் ஆசிரியர் தினமாகத் தேசமெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. அதே தேதியில், பதினாறு வருஷங்களுக்கு முன்னர், 1872-ல், திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. முன்னவருடைய படத்துக்கு மாலை சூட்டும் கைகள் பின்னவரையும் நினைத்துக்கொண்டால் தவறொன்றுமில்லை.

ஆசிரியர் தினத்தில் பள்ளி ஆசிரியரையும் கலாசாலை ஆசிரியரையும் போற்றுகிறோம். வக்கீலுக்கு ஆசிரியர் யார் என்று எவரும் கேட்பதில்லை. சட்ட கலாசாலை அவனுக்குச் சட்டத்தைக் கற்பிக்கிறது. தொழிலைக் கற்பிப்பது ஒரு சீனியர் வக்கீலின் அறையே. பிராது எழுதுவது, தஸ்தாவேஜுகளை வரிசைப்படுத்துவது, சாட்சியை எந்தக் கேள்வியோடு விட்டுவிட வேண்டும் என்பது, வாய்தா எப்பொழுது கேட்கலாம், எப்பொழுது கேட்கலாகாது என்பது, இவை யாவும் புஸ்தகத்தில் இல்லை. குமாஸ்தாவிடம் பாதியும் சீனியரிடம் பாதியுமாகக் கற்க வேண்டியவை. இவற்றினும் முக்கியமான பாடம் ஒன்றுண்டு. அந்த அறைக்குள் யார் வந்தால் நாற்காலி போடப்படுகிறது, யார் வந்தால் திண்ணையில் காத்திருக்கச் சொல்லப்படுகிறது என்பதை ஜூனியர் தினந்தோறும் பார்க்கிறான். யாரும் வாய் திறந்து சொல்லாமலே அது அவன் மனத்தில் பதிந்துவிடுகிறது. நாமும் அத்தகைய அறையொன்றில் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களாதலின் இதனை நிச்சயமாகக் கூறுகிறோம்.

சிதம்பரம் பிள்ளை இந்தப் பாடத்தை எவ்வாறு கற்றார், கற்றதை என்ன செய்தார் என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம். கப்பலோட்டியவர் என்றும் செக்கிழுத்தவர் என்றும் அவரை நாடறியும். அவர் ஒரு பிளீடர் என்பதும், அவருடைய வாழ்க்கையின் ஏற்றமும் இறக்கமும் ஒரு சன்னதைச் சுற்றியே நடந்தன என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

அவருடைய தந்தை உலகநாத பிள்ளை வக்கீல்; பணமும் செல்வாக்குமுள்ள கக்ஷிக்காரர்களைக் கொண்டவர். மகன் தூத்துக்குடியில் ஸெயின்ட் சேவியர், கால்டுவெல் பள்ளிகளில் படித்து, சிறிது காலம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். கச்சேரிக் குமாஸ்தா வேலையை அற்பமென்று நாம் நினைக்கவில்லை. மனு எந்த மேஜையில் தங்குகிறது, எதனால் தங்குகிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. பின்னர் தந்தை அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிக்கச் செய்தார். 1894-ல் பிளீடர் பரீக்ஷையில் தேறி, 1895-ல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலை ஆரம்பித்தார்.

அக்காலத்து வக்கீல் உலகத்தில் படிநிலைகள் பல. மேல்தட்டில் சீமையில் பட்டம் பெற்ற பாரிஸ்டர்கள்; சென்னை ஹைக்கோர்ட்டின் ஒரிஜினல் பகுதியில் அவர்களுக்குக் கக்ஷிக்காரரைக் கொண்டு சேர்க்கும் அட்டர்னிகள், ஸொலிஸிடர்கள்; அடுத்து பி. எல். தேறிய ஹைக்கோர்ட்டு வக்கீல்கள்; அதற்கும் கீழே முன்சீப் கோர்ட்டுகளிலும் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகளிலும் வழக்காடும் பிளீடர்கள். சிதம்பரம் பிள்ளை கீழ்ப்படியில் நின்றவர். பிளீடர்களை ஆண்டது 1879-ம் வருஷத்து லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டம். சன்னதைக் கொடுக்கும் அதே சட்டத்தில் அதைப் பறிக்கவும் வழி வைக்கப்பட்டிருந்தது. தொழிலுக்கு அருகனல்லன் என்று காட்டும் குணக்கேடு தொனிக்கும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பிளீடரை ஹைக்கோர்ட்டு நீக்கிவிடலாம். வாசகர்கள் இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்வார்களாக, பின்னால் வேண்டியிருக்கும்.

இளம் பிளீடர் தொழிலைத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. தந்தை வசதியுள்ளோருக்காக ஆஜரானார். மகன் ஏழைகளுக்காக ஆஜரானார். சிற்சில வழக்குகளில் தகப்பனும் பிள்ளையும் எதிரெதிர்க் கக்ஷியில் நின்றார்கள். தொழில் கற்கும் முதல் அறை வீட்டிலேயே வாய்த்திருந்தும், அந்த அறையின் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நாற்காலிகளை அவர் விட்டுவிட்டார். கிரிமினல் வழக்குகளில், விசேஷமாகப் போலீஸார் தொடுத்த வழக்குகளில், எளியவருக்காக வாதாடுவதில் அவருக்குப் பெயர் ஏற்பட்டது. மூன்று சப் மாஜிஸ்டிரேட்டுகளின் மேல் லஞ்சக் குற்றச்சாட்டுகளை அவர் ருசுப்படுத்தினார். தாம் நாள்தோறும் ஆஜராக வேண்டிய அதிகாரிகளோடு பகைத்துக்கொள்வது இளம் வக்கீல் ஒருவனுக்கு எத்தகைய காரியமென்பதைச் சிறிய ஊர்க் கோர்ட்டுகளில் வழக்காடுவோர் அறிவார்கள். 1900-ல் அவர் தூத்துக்குடிக்குத் தம் தொழிலை மாற்றிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பீஸ் வாங்காமல் ஏழைக்காக வாதாடிய மகனுக்குப் பின்னால், பீஸ் வாங்கிய தந்தையின் வீடு இருந்தது. அதனால் அவருடைய பெருமை குறைந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் அரிசி இல்லாத ஜூனியரை நோக்கி, நீயும் சிதம்பரம் பிள்ளையைப் போல் நட என்று உபதேசிப்பது நியாயமாகாது. திருத்தணியிலிருந்து விடியற்காலை ரயிலேறி அரக்கோணம் வழியாகச் சென்னைக் கோர்ட்டுகளுக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் இளைஞன், சீனியர் கொடுத்தால் ரயில் செலவுக்கு ஆகும், கொடாவிட்டால் அதுவும் கைக்காசு என்ற நிலையிலேயே பல காலமாக இருந்து வந்திருக்கிறான். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் ரூ. 20,000-க்குக் குறையாமலும், மற்ற ஊர்களில் ரூ. 15,000-க்குக் குறையாமலும் உதவித் தொகை கொடுக்கப்பட வேண்டுமென்று உத்தரவாயிற்று. உத்தரவு வேறு, கைக்கு வரும் பணம் வேறு என்பதை வக்கீல்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பசித்த ஜூனியர் எந்தக் கக்ஷிக்காரன் பணம் வைத்திருக்கிறானோ அவனுடைய பக்கம் சாய்வான். அவனை மட்டும் குறைகூறிப் பயனென்ன? திண்ணையில் நிற்கும் ஏழைக்கு நல்ல வக்கீல் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தப் பதினைந்தாயிரத்தில் அடங்கியிருக்கிறது.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை கண்ட பெரிய வழக்கு எந்தக் கோர்ட்டிலும் பதிவாகாத வழக்கு. அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல் வழி வியாபாரம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. இதற்கு அவர் கண்ட பரிகாரத்தில் வக்கீலின் கை தெரிகிறது. கலகம் செய்யவில்லை; கூச்சலிடவில்லை; அந்நியர் இயற்றிய 1882-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தையே எடுத்துக்கொண்டு, 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய்; பங்கு ஒன்று ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். சாமானியரும் சேரக்கூடிய தொகையாகப் பங்கின் விலை அமைந்தது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே பிரயாணிகளை ஏற்றிக்கொள்ளவும் துணிந்தது. நஷ்டத்தைத் தாங்கும் பணபலம் ஒரு பக்கத்திலும், ஜனங்களின் அபிமானம் மறு பக்கத்திலுமாகப் போட்டி நடந்தது.

1908-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வு, வார விடுமுறை முதலிய கோரிக்கைகளை முன்வைத்து, சுமார் ஒன்பது நாட்களில் நிர்வாகத்தை இணங்கச் செய்தனர். தொழிலாளரும் ஒரு கக்ஷிக்காரரே, அவர்களுக்கும் வக்கீல் வேண்டுமென்று எண்ணினோர் அந்நாளில் வெகு சிலர். சர்க்காருக்கு இது பொறுக்கவில்லை. மார்ச்சு 12-ந் தேதி இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

வழக்கை விசாரித்த ஸெஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே ஜூலை 7-ந் தேதி தீர்ப்பளித்தார். ராஜத்துவேஷத்துக்காக ஒரு தீவாந்தர தண்டனை. சுப்பிரமணிய சிவத்துக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொன்று. முப்பத்தாறு வயதும் நிரம்பாத பிளீடருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள்! தூத்துக்குடிக் கோர்ட்டுகளில் எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டவர் இத்தீர்ப்பைக் குற்றவாளிக் கூண்டில் நின்று கேட்டார். அப்பீலில் ஹைக்கோர்ட்டு அதை ஆறு வருஷமாகக் குறைத்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினார்கள். அந்தச் செக்கு இப்பொழுது சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. போவோர் வருவோர் பார்க்கிறார்கள். செக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதே சிறையில் அவர் எழுதிய மனுக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்ட நுணுக்கங்களை எடுத்துக்காட்டி மேலதிகாரிகளுக்கு மனுக்கள் எழுதிக்கொண்டே இருந்தார். சக கைதிகளுக்கும் எழுதிக் கொடுத்தார். தலையில் மொட்டை, உடலில் சிறை உடை, கையில் செக்கின் தழும்பு. இருந்தும் உள்ளே இருந்த பிளீடர் வேலை செய்வதை நிறுத்தவில்லை. சிறை அதிகாரிகளுக்கு இதனால் ஏற்பட்ட தலைவேதனை ராஜத்துவேஷப் பிரசங்கத்தால் ஏற்படுவதைக் காட்டிலும் குறைவாக இருந்திராதென்று நாம் நினைக்கிறோம். 1910-ம் வருஷ முடிவில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் விலைபோயின.

1912-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி அவர் விடுதலையானார். கையில் சன்னது இல்லை. ராஜத்துவேஷம் குணக்கேட்டின்பாற் படுமா என்று எந்தத் தர்க்க சாஸ்திரியைக் கேட்டாலும் படாதென்றே சொல்வான். ஆயினும் சன்னது போயிற்று. பின்னாளில் காந்திஜிக்கும் இதுவே நேர்ந்தது. 1922-ல் ராஜத்துவேஷத்துக்காகத் தண்டிக்கப்பட்டபின், அவ்வருஷம் நவம்பர் மாதம் லண்டன் இன்னர் டெம்பிள் சங்கத்தார் அவர் பெயரைப் பாரிஸ்டர்களின் ஜாபிதாவிலிருந்து அடித்துவிட்டனர். அவர் மறைந்து நாற்பது வருஷங்களுக்குப் பின்னர், 1988-ல்தான், அப்பெயர் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஆனால் காந்திஜி அதற்கு முன்னமே தொழிலை விட்டவர். சிதம்பரம் பிள்ளைக்கோ வேறு தொழில் தெரியாது, குடும்பம் இருந்தது. சென்னையில் குடியேறிச் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணத்தில் காந்திஜியின் மூலம் அவருக்கு வந்தது ரூ. 347-12-0, 1915-ம் வருஷத்திலிருந்து கடிதப் போக்குவரத்து நடந்து, 1916-ம் வருஷ ஆரம்பத்தில்தான் அத்தொகை கைக்கு வந்தது. பத்து லக்ஷம் மூலதனத்தில் கம்பெனி கண்டவர் முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய்க்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தார். அவரை உயர்த்திப் பிரசங்கம் செய்த தேசபக்தர்கள் அவ்வருஷங்களில் எங்கே போயிருந்தார்கள் என்று நாம் கேட்கலாமல்லவா?

அந்த வறுமையிலும் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார், குறளுக்கு உரை எழுதினார், தம் சரித்திரத்தைச் செய்யுளாக இயற்றினார். அவையெல்லாம் தனியே எழுதத் தக்கவை.

சன்னதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. நன்றி மறவாத சிதம்பரம் பிள்ளை தம் மகனுக்கு வாலேசுவரன் என்று அவர் பெயரையே சூட்டினார். வெள்ளையர் சர்க்காரை எதிர்த்துச் சிறை சென்றவர் வெள்ளையர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டில் தினமும் கூப்பிடும் பெயராக வைத்துக்கொண்டார். இதில் முரண்பாடு காண்போர் உண்டு. தமக்குப் பகை ஆட்சியோடுதானேயன்றி ஜாதியோடல்ல என்பதை மேடையில் சொல்வதற்குப் பதிலாகத் தொட்டிலில் சொல்லிவிட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

கோயில்பட்டியில் மீண்டும் வழக்காடத் தொடங்கினார். ஆனால் நடுவில் போன வருஷங்கள் திரும்பி வரவில்லை. ஒரு வக்கீலின் தொழில் பெருகும் வயது முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வரை. அந்த வயது முழுவதும் சிறையிலும் சன்னதில்லாமலும் கழிந்துவிட்டது. கக்ஷிக்காரர்கள் வேறு வக்கீல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய நாளில் ஜூனியர்களாக இருந்தவர்கள் சீனியர்களாகியிருந்தனர். வரும் கக்ஷிக்காரரிலும் ஏழைகளே அதிகம். கடன் ஏறியது. தம் சட்டப் புஸ்தகங்களை அன்றாடச் செலவுக்காக விற்றார். தொழிலாளி கடைசியாக விற்பது தன் ஆயுதத்தை.

1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936-ல் உயில் எழுதினார். கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளையெல்லாம் அதில் ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார். அவ்வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி, அவர் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்தில் கிடத்தப்பட்டு, அங்கேயே காலஞ்சென்றார்.