எம்.ஜி.ஆரும் ஊர்க் கணக்கும்

வீட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறவங்க, இப்பவே போனை எடுங்க. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் எல்லாம் கொடுத்தா ரெண்டு நிமிஷத்தில் உங்க பட்டா விவரம் திரையில் வந்துடும். இது முழுக்க சாஃப்ட்வேர் செய்த வேலைன்னு நாம நினைச்சுக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கிராமத்துப் பக்கம் கம்ப்யூட்டர் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நடந்துடுச்சு. அதைச் செய்தவரை உங்களுக்கு சினிமா மூலமா தெரியும். அருப்புக்கோட்டை பெரியவங்களுக்கோ அவர் அவங்க தொகுதி எம்.எல்.ஏ.

எம்.ஜி.ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17-ல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமையால் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். 1936-ல் முதல் படம் ‘சதிலீலாவதி’. சின்ன வேஷம்தான், போலீஸ் இன்ஸ்பெக்டர். கதாநாயகனாக நிலைக்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

அரசியலில் அவர் தி.மு.க.வின் பொருளாளர் வரைக்கும் வந்தார். 1972 அக்டோபரில், கட்சிக்காரர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார். கட்சியை விட்டு நீக்கப்பட்டார். அதே மாதம் அ.தி.மு.க. பிறந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1977-ல், அருப்புக்கோட்டை தொகுதியில் நின்று ஜெயித்தார். ஜூன் 30 அன்று முதலமைச்சர் ஆனார்.

அப்போதைய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கரிசல் மண், மானாவாரி விவசாயம். மழை பெய்தா கண்மாய் நிறையும், இல்லேன்னா குண்டாறு வெறும் மணல்தான். இந்த மாதிரி ஊரில் ஒரு விவசாயியோட தலையெழுத்தை வானம் பாதி எழுதும், அடங்கல் மீதி எழுதும். எந்த நிலத்தில் என்ன பயிர், விளைஞ்சதா, காய்ஞ்சதா என்று எழுதும் கிராமக் கணக்குதான் அடங்கல். வறட்சி வந்தா தீர்வை தள்ளுபடியாகுமா, நிவாரணம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

அந்த வரியை எழுதியவர் கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளை. வரி வசூலுக்கு கிராம முன்சீப். அப்பாவுக்குப் பின் மகன் என்று அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்த பதவிகள் இவை. 1895-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு உரிமையே கொடுத்திருந்தது. 1968-ல் அந்தப் பரம்பரை உரிமை சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனா ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் தொடர்ந்தார்கள். பகுதிநேர வேலை, சொற்பச் சம்பளம். பல ஊர்களில் கிராமக் கணக்கு அவங்க வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அவர்களிலும் நேர்மையானவர்கள் இருந்தார்கள், சர்வே எண்ணை மனப்பாடமாகச் சொல்கிற திறமைசாலிகளும் இருந்தார்கள். ஆனா அந்த வீட்டுத் திண்ணை வரை எல்லா சாதிக்காரரும் சமமாகப் போய் நிற்க முடிஞ்சதா? பிரச்சினையே அங்கேதான்.

1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி மத்திய அரசால் கலைக்கப்பட்டது. அந்த வருஷமே மறுபடி ஜெயித்து வந்தார், இந்த முறை மதுரை மேற்கு தொகுதியில். வந்து சில மாதங்களில், 1980 நவம்பர் 14 அன்று, பகுதிநேர கிராம அதிகாரிகள் பதவிகளை எல்லாம் ஒழித்து ஓர் அவசரச் சட்டம் வந்தது. அந்த இடத்தில் முழுநேர அரசு ஊழியராக கிராம நிர்வாக அலுவலர், அதாவது நமக்குத் தெரிஞ்ச வி.ஏ.ஓ., வந்தார். தேர்வாணையம் மூலம் ஆள் எடுப்பு, இட ஒதுக்கீடு, இடமாற்றம் எல்லாம் உண்டு. எந்தக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் தாத்தா கைகட்டி நின்றாரோ, அதே ஊர்க் கணக்கைப் பேத்தி பரீட்சை எழுதி வந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன. அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பழைய ஆட்களில் கல்வித் தகுதி உள்ளவர்களைப் பரிசீலித்துப் புதிய பதவியில் சேர்க்கவும் வழி ஏற்பட்டது.

தூரமும் ஒரு தடைதான். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் இருந்தது மதுரையில்! திருச்சுழிக்காரர் தன் மாவட்டத்துக் கலெக்டரைப் பார்க்க இன்னொரு மாவட்டத்துக்குப் போகணும். 1985-ல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் குறையே இல்லைன்னு சொல்ல வரலை. எரிசாராய விவகாரம் விசாரணைக் கமிஷன் வரை போனது. கணக்கு கேட்டு கட்சி ஆரம்பித்தவரிடமே மற்றவர்கள் கணக்கு கேட்டார்கள். 1984-ல் உடல்நலம் கெட்டு அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24-ல் காலமானார்.

கிராமக் கணக்குகள் கணினிக்கு ஏறியது அதற்கு அப்புறம்தான். ஒரு குடும்பத்தின் அலமாரியில் இருந்து அரசு அலுவலகத்துக்கு வந்த நோட்டைத்தானே ஸ்கேன் பண்ண முடியும்? நாம ப்ராஜெக்ட் பண்ணும்போது டேட்டாபேஸை முதலில் யோசிக்கிறோம். அந்த டேட்டா யார் கையில் இருக்கு, யாருக்கு அது பதில் சொல்லும் என்பதைக் கடைசியில்கூட யோசிப்பதில்லை.

வேலை முடிஞ்சும் போகலை. பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட செய்தி இன்றும் பேப்பரில் வருது. பயிர்க் காப்பீட்டுக்கு இன்றும் அடங்கல் வேணும். உங்க வயல் காய்ஞ்சதா இல்லையான்னு எழுதுறது இன்றும் ஒரு மனுஷன்தான். ஆனா ஒரு வித்தியாசம். அவர் உங்க ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் இல்லை, அரசு ஊழியர். அவர் எழுதும் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி வைத்துச் சரிபார்க்கிறார்கள். அங்கே பொதுமக்களும் மனு கொடுக்கலாம்.

அடுத்த ஜமாபந்தி உங்க செமஸ்டர் லீவில் வந்தால், அப்பாவோடு ஒரு நாள் போயிட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி உங்க சர்வே எண்ணுக்கு அடங்கலில் என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.