உழைத்து வீட்டை நிறுத்தி, சமுதாயத்தைச் சுமந்தவர்: காயிதே மில்லத் (ரஹ்)

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிப் அவர்கள் இறைவனிடம் மீண்ட நாள் 1972 ஏப்ரல் 5. ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுடைய அரசியல் வாழ்வை மேடைகளில் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நம் வீடுகளில், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் அந்த வாழ்வில் உண்டு. தந்தையை இழந்த வீட்டின் மகனாக, தோல் வணிகராக, கணவராக, ஒரே மகனுக்குத் தகப்பனாக அவர்கள் வாழ்ந்த பக்கம் அது.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு அவர்கள் சொந்த ஊர்க்காரர். இந்த ஆறு கடலை நெருங்கும் இடத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியர் காலத்தில் முத்து வணிகத்துக்குப் பேர்போன துறைமுகம். மண் மேவிக் கடல் விலகிப் போனபின் வணிகம் காயலுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே அரபு வணிகர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கொடுக்கல் வாங்கலைப் பார்த்து ஊர் அவர்களை நம்பியது. அந்த நம்பிக்கையோடு சேர்ந்துதான் தீனும் இந்தக் கரையில் வேர்விட்டது. அதே ஆற்றின் போக்கில் மேற்கே போனால் நெல்லை நகரை ஒட்டி வருவது பேட்டை. 1896 ஜூன் 5 அன்று இஸ்மாயீல் ஸாஹிப் பிறந்த ஊர்.

தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர், மார்க்கம் கற்றவர். அவர் பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே வஃபாத்தாகி விட்டார். வீட்டின் பாரம் தாயின் தலையில் விழுந்தது. மகனுக்குக் குர்ஆனையும் அரபியையும் ஓதிக் கொடுத்தவர் அந்தத் தாய்தான். இன்றும் மத்ரஸா வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தகப்பன் இல்லாத பிள்ளை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்கலங்கி நிற்கும் தாய்மார்களைப் பார்க்கிறோம். அவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பேட்டையில் ஒரு விதவைத் தாய் வளர்த்த இஸ்மாயீல் ஸாஹிப், அவருடன் பிறந்த கே.டி.எம். அஹ்மது இப்ராஹீம் ஸாஹிப் ஆகிய இருவருமே பிற்காலத்தில் இந்திய அரசியல் சாசனத்தை வகுத்த நிர்ணய சபையில் உறுப்பினர்களாக அமர்ந்தார்கள்.

பிள்ளைப் பருவத்திலேயே பொதுக்காரியம் தொடங்கிவிட்டது. 1909இல், பதின்மூன்று வயது ஆகும் முன்னும் பின்னுமான பருவத்தில், பேட்டையில் இளைஞர்களுக்காக ஒரு முஸ்லிம் சங்கத்தைத் தொடங்கினார்கள். நெல்லை இந்துக் கல்லூரி, திருச்சி புனித வளனார் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படிப்பு நீண்டது. பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் 1920இன் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தேர்வைக் கைவிட்டார்கள்.

இதைத் தியாகம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். தந்தை இல்லாத குடும்பத்தில் மூத்தவர்கள் ஒரு பட்டத்தை எப்படி எதிர்பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் அரசாங்க உத்தியோகம், நிலையான சம்பளம், ஊரில் மதிப்பு. அதை விட்டவர், விட்ட கையோடு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: வீட்டுக்கு என்ன வழி?

உழைப்புதான் அவர்கள் தந்த பதில். சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கினார்கள். அன்று அந்தத் தொழிலில் பெயர்பெற்ற ஜமால் முஹம்மது ஸாஹிப் குடும்பத்தாரோடு தொழில் தொடர்பு ஏற்பட்டது. 1923இல் அந்தக் குடும்பத்துப் பெண்ணான ஜமால் ஹமீதா பீ அவர்களை மணந்தார்கள். சரக்கின் தரம் பார்ப்பது, விலை பேசுவது, கணக்கு எழுதுவது, கடனைத் தவணை தவறாமல் தீர்ப்பது என்று பொறுமையும் நாணயமும் கேட்கும் தொழில் அது. 1946இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தபோது அவர்களுக்கு வயது ஐம்பது. அதற்குமுன் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்துச் சம்பாதிக்கத் தெரிந்த மனிதராக வாழ்ந்திருந்தார்கள்.

மனைவி மக்களுக்கு ஹலாலான வழியில் தேடிக் கொடுப்பது ஆண் மீது கடமை என்று ஃபிக்ஹ் கிதாபுகளில் ஓதுகிறோம். அந்தப் பாடத்தின் பொருள் இந்த வாழ்வில் தெளிவாகத் தெரிகிறது. தன் வீட்டுச் சோற்றுக்குச் சமுதாயத்தின் கையைப் பார்க்காதவரால்தான் சமுதாயத்துக்காக யாரிடமும் நிமிர்ந்து பேச முடியும்.

நிமிர்ந்து பேச வேண்டிய காலமும் வந்தது. பிரிவினைக்குப் பின் 1947 டிசம்பரில் கராச்சியில் முஸ்லிம் லீகின் கூட்டம் நடந்தது. இந்தியாவில் இருக்கும் முஸ்லிம்களுக்கான அமைப்பைக் கூட்டும் பொறுப்பு இஸ்மாயீல் ஸாஹிபிடம் தரப்பட்டது. அங்கேயே தங்கிவிட்ட தலைவர்கள் பலர். இவர்கள் ஊர் திரும்பினார்கள். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. பயந்து, யாரை நம்புவது என்று தெரியாமல் இருந்த குடும்பங்களுக்கு நடுவே, இதுதான் என் மண் என்று நின்றது அன்று பெரிய ஆறுதல்.

அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துச் சொல்லி, அதை ஆட்சி மொழியாக்கக் கேட்டவர் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே சபையில் 1948 நவம்பர் 23 அன்று அவர்கள் கொண்டுவந்த திருத்தத்தையும் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தாரும் தங்கள் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அந்தத் திருத்தம் கோரியது. முஸ்லிம்களுக்கு மட்டுமென்று கேட்காமல், எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்தே கேட்டார்கள். சபை அதை ஏற்கவில்லை. ஆனாலும் நிக்காஹ், வாரிசுரிமை, பாகப்பிரிவினை என்று ஒரு வீட்டின் உள்ளே நடக்கும் காரியங்களுக்காக நாட்டின் மிக உயர்ந்த சபையில் குரல் கொடுத்த குடும்பத் தலைவராக அன்று நின்றார்கள்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை. அதன்பின் 1962, 1967, 1971 என மூன்று தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரி மக்கள் அவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நெல்லைத் தமிழரை மலையாள மண் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றது. அறுபத்தைந்தில் தொடங்கி எழுபத்தைந்து வரை, குரோம்பேட்டை வீட்டுக்கும் டெல்லிக்கும் மலபாருக்கும் இடையே ஓயாத பயணம். வாழ்க்கை முறையோ கடைசிவரை எளிமையானது.

1962இல் சீனப் போர் மூண்டது. முஸ்லிம்களின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்துப் பேசியவர்கள் இருந்த காலம். அப்போது இஸ்மாயீல் ஸாஹிப், தன் ஒரே மகன் மியாகானைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார்கள். அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறுவயதில் இழந்த தந்தையின் பெயர் மியாகான். அதையே மகனுக்குச் சூட்டி, தந்தையை அழைத்த நாவால் மகனை அழைத்து வளர்த்தவர் அவர்கள். நாட்டுக்குத் தர முன்வந்ததும் அந்த மகனைத்தான். பிள்ளைக்குப் பதவி கேட்கும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது யோசிக்க வேண்டிய இடம்.

1972 ஏப்ரல் 5 அன்று, 76ஆம் வயதில், அவர்கள் வஃபாத்தானார்கள். பிறைக் கணக்கில் 78 ஆண்டுகள் நிறைந்த வாழ்வு. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் நடந்தது. சென்னை அண்ணா சாலையில் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது அரசு மகளிர் கல்லூரி. எழுத்தறிவித்த ஒரு தாயின் மகன் பெயரில், ஆண்டுதோறும் பெண்பிள்ளைகள் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள்.

குடும்பத்தைப் பார்த்தால் சமுதாயத்தைப் பார்க்க முடியவில்லை, சமுதாயத்தைப் பார்த்தால் குடும்பம் கெடுகிறது என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். தன் வீட்டாரிடம் நல்ல விதமாக நடப்பதையே ஒருவருடைய சிறப்புக்கு அளவுகோலாக நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். முதலில் உழைத்து வீட்டை நிறுத்தி, பிறகு அந்த வீட்டுக்காக எதையும் கேட்காமல் ஊருக்கு உழைத்த ஒருவர் நம் ஆற்றங்கரையிலேயே பிறந்திருக்கிறார். இன்றிரவு பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்கி, மேலான சுவனத்தைத் தந்தருள்வானாக. நம் குடும்பங்களிலும் அத்தகைய பிள்ளைகளை உருவாக்குவானாக. ஆமீன்.