ஸ்படிகமும் 573 டிகிரியும்: சர் சி.வி. ராமனின் பிற்காலப் பணி ஒன்று

சர் சி.வி. ராமன் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1928 பிப்ரவரி 28-ல் ஆரம்பித்து 1930-ல் கிடைத்த நோபல் பரிசோடு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அவர் 40 வருஷங்கள் உழைத்தார் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. அந்தப் பிற்காலத்து வேலை ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம்.

ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் காலேஜ் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். ராமன் சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் எம்.ஏ. முடித்து, 1907-ல் நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளை மணந்து கல்கத்தாவில் உத்தியோகம் ஏற்றார். என்னைப் போல் அரசாங்க வேலையில் தலை நரைத்தவர்களுக்கு ருசிக்கிற இடம் இதுதான். ஆபீஸுக்குப் போகும் முன்பும், ஆபீஸ் விட்ட பிறகும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். சுமார் 10 வருஷம் இப்படிப் போயிற்று. நாங்களெல்லாம் ஆபீஸ் விட்டால் லோகலில் இடம் கிடைக்குமா என்ற கவலையோடு சரி! 1917-ல், சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று தெரிந்தும், உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தா சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார்.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டரானார். நிர்வாகத்தில் சச்சரவு மூண்டு 1937-ல் அந்தப் பதவி போயிற்று; பௌதிகப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். நான் சொல்ல வந்த விஷயம் இந்த மனக்கசப்புக்குப் பின் நடந்தது.

நம் பூஜை அறையில் இருக்கும் ஸ்படிக மாலை, அசலாக இருந்தால், குவார்ட்ஸ் என்ற கல்தான். சூடேறினால் பொருள்கள் விரியும் என்று தண்டவாள இடைவெளியைக் காட்டிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஸ்படிகம் அந்தப் பாடத்துக்குள் அடங்காது. ஒரு திசையில் விரிவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அதற்குக் குறுக்கே விரியும். உஷ்ணம் ஏற ஏற விரியும் வேகமும் கூடும். 573 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது மளமளவென்று விரிந்து, அந்த இடத்தில் ஒரு குதி குதித்து, அமைப்பே மாறிவிடும். அதற்கு மேல் சூடாக்கினால் விரிவதில்லை. மிகச் சிறிது சுருங்கவும் செய்யும். இந்த மாற்றத்தை 1889-ல் கண்டவர் லெ ஷாதலியே என்ற பிரெஞ்சுக்காரர். (மாலையை அடுப்பில் வைத்து யாரும் பரீட்சை செய்ய வேண்டாம்.)

சயானுக்கு அடுத்தாற்போல் தாராவியில் இருக்கும் கும்பர்வாடாவில் பானை சுடுகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. களிமண்ணில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். சூளை ஆறும்போது 573-ஐத் தாண்டி இறங்குகையில் அந்த மணல் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டு ஆற்றினால் பானை விரிசல் விடும். அந்த எண் தெரியாதவர்கள்கூடச் சூளையைத் தானாக ஆற விடுவார்கள்.

ஏன் இப்படி? ஸ்படிகத்தில் ஒவ்வொரு சிலிகான் அணுவையும் சுற்றி 4 ஆக்ஸிஜன் அணுக்கள் ஒரு கூம்புபோல நிற்கின்றன. இந்தக் கூம்புகள் முனையோடு முனை கோத்திருக்கும், சற்றே சாய்ந்தபடி. மாதுங்காவின் பழைய கட்டடங்களில் லிஃப்டுக்கு இருக்குமே இழுப்புக் கதவு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஒன்றும் நீளுவதில்லை; கோணம் மாறுவதால் கதவு அகலமாகிறது. சூடேறும்போது கூம்புகளின் சாய்வு நிமிர்கிறது, ஸ்படிகம் அகலுகிறது. 573-ல் முழுதும் நிமிர்ந்தாயிற்று. இனி எந்தப் பக்கம் ஆடினாலும் உள்ளே இழுக்குமே தவிர விரிக்காது.

ராமனும் அவர் மாணவர் டி.எம்.கே. நெடுங்காடியும் ஸ்படிகத்தைச் சூடாக்கியபடியே அதன் வழியே ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியின் கோடுகளைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு கோடும் அணுக்களின் ஓர் அதிர்வு. சாதாரண உஷ்ணத்தில் 207 என்ற அளவில் நிற்கும் ஒரு கோடு மட்டும், 573-ஐ நோக்கிப் போகப் போக இடம் பெயர்ந்து, அகன்று, மங்கியது. அதாவது, அந்த அதிர்வுக்குப் பிடிமானம் தளர்ந்துகொண்டே வருகிறது. ஸ்படிகம் உருமாறுவதற்குக் காரணமே இந்த அதிர்வுதான் என்று இருவரும் 1940-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள்.

சுமார் 20 வருஷம் கழித்து இங்கிலாந்தில் காக்ரனும் அமெரிக்காவில் ஆண்டர்சனும் இதையே கணக்காக வகுத்து, மென் அதிர்வு என்ற கொள்கையை நிலைநாட்டினார்கள். 1960-களில் லேசர் வந்தபின் பார்த்ததில், குவார்ட்ஸில் இரண்டு அதிர்வுகள் ஒன்றோடொன்று கலப்பதால் விஷயம் இன்னும் சிக்கலானது என்று தெரிந்தது. ஆனாலும் முதலில் கண்டது பெங்களூரில்தான்.

ராமனே ஏன் இதை மேலே கொண்டுபோகவில்லை? என் அபிப்பிராயம் இது. 1940-களில் அவர் மாக்ஸ் பார்னோடு பெரிய வாதத்தில் இறங்கிவிட்டார். 1935-ல் பார்னைப் பெங்களூருக்கு அழைத்து வந்ததே ராமன்தான்! ஸ்படிகத்தில் குறிப்பிட்ட சில அதிர்வெண்களே உண்டு என்றார் ராமன். தொடர்ச்சியாக எல்லாம் உண்டு என்றார் பார்ன். 1950-களின் நியூட்ரான் சோதனைகள் பார்ன் பக்கமே பேசின. ராமன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணால் கண்டதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கணக்கில் அவர் பிடிவாதம் அவருக்கே எதிரியாயிற்று. நெடுங்காடியின் பெயரோ பௌதிகம் படித்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1996-ல் அமெரிக்காவில் ஜிர்கோனியம் டங்ஸ்டேட் என்ற பொருள், ஏறக்குறைய தனிச்சுழியிலிருந்து 770 டிகிரிக்கு மேல் வரை, சூடேறச் சூடேறச் சுருங்கிக்கொண்டே போவதைக் கண்டார்கள். அங்கும் காரணம், முனை கோத்த அமைப்பின் ஆட்டமே.

ராமன் 1948-ல் தமது சொந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். வைரமும் ஸ்படிகமும் சேர்த்தபடி இருந்தார். 1970 நவம்பர் 21-ல் அவர் காலமானபோது நான் பி.எஸ்ஸி. மாணவன். பெங்களூரில் அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே அவரைத் தகனம் செய்தார்கள்.