செவி தளர்ந்த மருத்துவர்

நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தை அறியாதார் நீலகிரியில் இலர். வெறிநாய்க் கடிக்கு மருந்து தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்நிலையம் 1907 இல் தோன்றியது. பாஸ்டரின் அதே வழியில் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில் அமைந்த நிலையத்தை 1903 முதல் நடத்தியவர் சார்லஸ் நிக்கோல்.

1866 இல் பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், மகனும் அவ்வழியே சென்றார். ஆனால் இளமையிலேயே செவி மந்தமாயிற்று. நெஞ்சொலி கேட்டு நோயறியும் தொழிலில், ஸ்டெதாஸ்கோப் பயன்படாத மருத்துவரை யார் நாடுவர்? நிக்கோல் மனம் தளரவில்லை. காதின் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்து, கிருமி ஆராய்ச்சியில் இறங்கினார்.

டூனிஸில் டைபஸ் காய்ச்சல் பலரைக் கொன்றது. மருத்துவமனையில் ஒரு விந்தையைக் கண்டார். வாசலில் நோயாளியின் உடையைக் களைவோரும், அதை வெளுப்போரும் நோயுற்றனர். நோயாளியைக் குளிப்பாட்டி, வேற்றுடை உடுத்திப் படுக்க வைத்தபின் அருகிருந்தோர்க்குத் தொற்றவில்லை. அப்படியாயின் நோய் அந்த உடையில் அல்லவா ஒளிந்திருக்க வேண்டும்? 1909 இல் குரங்குகளிடம் சோதித்து, உடைப்பேனே அதைப் பரப்புகிறது என நிறுவினார். 1928 இல் நோபல் பரிசு பெற்றார். 1936 இல் டூனிஸிலேயே மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம் வகுப்பிலும் பாடம் சரியாகக் காதில் விழாமல், வெளியே சொல்லக் கூசி, கடைசி வரிசையில் தவிப்போர் இருக்கலாம். அவர்களை முன்வரிசைக்கு அழைப்போம். நாளைய நிக்கோல் அங்கே இருக்கக்கூடும்.